மதுரை மஹாலைக் கட்டியது யார்?

(போளூர் கூட்டத்தில் பேசியது)



இன்று அரண்மனையைப் பற்றிப் பேச்சு என்றதும், "சுயமரியாதைக்காரர்களுக்கு ராஜா வீட்டில் என்ன வேலை?" என்று சிலர் கேட்டார்களாம். வேலை இருக்கிறது. உங்கள் பக்கத்து ஆரணியில் ஜாகிர்தார்கள் வாழ்ந்த சத்தியவிஜயநகரம் அரண்மனையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்த்தவுடனே "எப்பேர்ப்பட்ட ராஜா!" என்கிறோமே தவிர, "எப்பேர்ப்பட்ட கொத்தன்!" என்று ஒரு நாளாவது சொன்னதுண்டா? இதற்குப் பெரிய உதாரணம் மதுரையிலுள்ள திருமலை நாயக்கர் மஹால்.

திருமலை நாயக்கர் 1623 முதல் 1659 வரை ஆண்டவர். திருச்சியிலிருந்த தலைநகரை மதுரைக்கு மாற்றினார். ஏன் மாற்றினாரென்றால் ஒரு கதை சொல்லுவார்கள். ராஜாவுக்குத் தீராத சளி நோயாம். திண்டுக்கல்லில் தங்கியிருக்கும்போது மீனாட்சியும் சொக்கநாதரும் கனவில் வந்து, "மதுரையில் வந்து குடியிரு, குணமாகும்" என்றார்களாம். கோவிலுக்குச் செலவு செய்வதாக ராஜா நேர்ந்துகொண்டாராம். மறுநாள் பல் விளக்கும்போதே நோய் போய்விட்டதாம்! மைசூர்ப் படையும் தஞ்சைப் படையும் எளிதில் எட்டக்கூடிய இடம் திருச்சி என்பதும், மதுரை பழைய பேர்பெற்ற பட்டணம் என்பதும் இந்தக் கதைக்காரருக்குத் தேவையில்லை.

சரி, சாமி சளியைத் தீர்த்தது என்றே வைத்துக்கொள்ளுவோம். அதே ராஜாவின் கடைசிக் காலத்தில், 1656 வாக்கில், மைசூர்ப் படை உள்ளே புகுந்து, அகப்பட்ட குடிமக்களின் மூக்கையும் மேலுதட்டையும் அறுத்தது. சரித்திரத்தில் இதற்கு மூக்கறுப்பு யுத்தம் என்றே பெயர். மதுரைப் படையும் போய் மைசூர்க்காரர் மூக்கை அறுத்துப் பழி தீர்த்துக்கொண்டது. ராஜாவின் மூக்கில் சளி வந்தால் கனவில் ஓடி வருகிற சாமி, ஜனங்களுடைய மூக்கே போனபோது எங்கே போயிற்று? ராஜாவோ படுக்கையில் இருந்தார். மதுரையைக் காத்தது ராமநாதபுரம் சேதுபதியின் ஆட்கள்.

இனி கட்டடத்துக்கு வருவோம். அது எழுந்தது 1636ஐ ஒட்டி. இன்று நிற்பது முழு அரண்மனையல்ல, ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான். அதிலேயே 248 தூண்கள். ஒரு ஆள் கட்டிப்பிடித்தால் கை எட்டாது. இவ்வளவும் மலையைக் குடைந்த கல் என்று நினைத்துவிட வேண்டாம். பெரும்பாலும் செங்கலும் சுண்ணாம்புமே. கிளிஞ்சலைச் சுட்டு, நீற்றி, அரைத்து, முட்டை வெள்ளைக்கருவைக் கலந்து பூசித் தேய்த்தார்கள், பளிங்குபோல மின்னிற்று. தூணுக்குத் தூண் நீண்ட கல் உத்தரம் போடாமல், வளைவு வளைவாகச் செங்கல்லை அடுக்கினார்கள். வளைவிலே ஒரு கல் மற்றொரு கல்லை நெருக்குகிறது. மேலேயுள்ள பாரம் இரண்டு பக்கத் தூண்களிலும் இறங்கிவிடுகிறது. சொர்க்கவிலாசம் என்னும் மண்டபத்தின் நடுவிலே, கீழே தூணே இல்லாமல் பெரிய கும்பவட்டம் நிற்பது இந்தக் கணக்கினால்தான். மந்திரத்தினால் அல்ல.

அந்த வளைவும் கும்பவட்டமும் எங்கிருந்து வந்தன? துலுக்கர் கட்டிய மசூதிகளிலும் மாளிகைகளிலும் பழகிய வேலைமுறை. கோவில் கோபுரமெல்லாம் எழுப்பி இந்துமத ரட்சகர் என்று புகழப்பட்ட ராஜா, துலுக்கர் பாணிக் கும்பவட்டத்தின் கீழே சிம்மாசனம் போட்டு உட்கார்ந்தார். கொத்தனுக்குச் செங்கல்லில் மதம் தெரியவில்லை, நமக்குத்தான் தெரிகிறது.

செங்கல்லுக்கு மண் வெட்டிய பள்ளந்தான் வண்டியூர்த் தெப்பக்குளம் என்று மதுரையில் சொல்லுவார்கள். சூளைப் பள்ளம் புண்ணிய தீர்த்தமாகிவிட்டது. வெட்டும்போது கிடைத்ததாகச் சொல்லப்படும் பிள்ளையார் மீனாட்சி கோவிலில் முக்குறுணிப் பிள்ளையாராக உட்கார்ந்து கொழுக்கட்டை வாங்குகிறார். வெட்டினவன் பெயர் யாருக்குத் தெரியும்? அவனுடைய பேரன் பேத்திகளில் எத்தனை பேர் அந்தக் கோவில் வாசலுக்கு வெளியே நின்றார்களோ! தாழ்த்தப்பட்டவர்களும் நாடார்களும் உள்ளே போனது 1939 ஜூலை 8ந் தேதிதான்.

இங்கே தறிக்காரத் தோழர்கள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். மஹாலைச் சுற்றியுள்ள தெருக்களில் சௌராஷ்டிர நெசவாளர்கள் குடியிருந்தார்கள். ராஜ குடும்பத்துக்குப் பட்டு நெய்ய நாயக்கரே அழைத்து வந்தார் என்பது அவர்கள் சொல்லும் வரலாறு. பின்னால் ராணி மங்கம்மாள் காலத்தில் அவர்கள் ஆவணி அவிட்டம் செய்தது குற்றமென்று பார்ப்பனர் முறையிட, 18 பேர் பிடிக்கப்பட்டு, பண்டிதர்கள் கூடி விசாரித்து, செய்யலாமென்று 1705இல் சாசனம் வந்தது. பட்டு நெய்து உடுத்த வைத்தவன், தன் தோளில் ஒரு நூல் போடுவதற்கு அரண்மனையில் அனுமதி கேட்டு நின்றான்! அந்த நூல் எதற்கு என்று அன்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இவ்வளவு பாடுபட்டுக் கட்டியது எத்தனை காலம் நின்றது? நாயக்கர் செத்துச் சில வருஷத்திற்குள் பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திரும்பவும் திருச்சிக்குக் கொண்டு போனார். பாட்டன் கட்டியதைப் பேரன் பிரித்து, நல்ல சாமான்களை வண்டியேற்றித் தன் அரண்மனைக்குக் கொண்டுபோனார். எதிரி இடிக்கவில்லை, சொந்தப் பேரனே இடித்தான். மீனாட்சி இந்தத் தடவை எவர் கனவிலும் வரவில்லை. மிச்சமிருந்தது மழையில் நனைந்து, செடி முளைத்துக் கிடந்தது. 1866 முதல் 1872 வரை சென்னைக் கவர்னராயிருந்த நேப்பியர் பிரபு பழுதுபார்க்க ஏற்பாடு செய்தார். பிறகு அதிலே கோர்ட்டு வந்தது. 1970 வரை நடந்தது.

ராஜா சொன்னதே நீதியாயிருந்த மண்டபத்தில் வக்கீல்கள் சட்டப் புத்தகத்தைப் பிரித்து வாதாடினார்கள். கடன் பத்திரத்தை மடியில் கட்டிக்கொண்டு வந்த குடியானவன் அந்தத் தூண்களிலே சாய்ந்து, தன் பேரைக் கூப்பிடக் காத்திருந்தான். இன்றைக்கு அது தமிழ்நாடு தொல்லியல் துறையின் வசம் இருக்கிறது. மதுரைக்குப் போகிறவர்கள் கோவிலோடு திரும்பிவிடாமல் மஹாலுக்கும் போங்கள்; நடந்து போகிற தூரந்தான். வாசலில் சீட்டு வாங்க வேண்டும். எந்த ஜாதி என்று கேட்கிறவன் இல்லை.