கேஸ் போடுவதற்கு முன்



பெங்களூர் அருகே சந்தாபுராவில் ஃபிரிட்ஜ் நின்றுபோனால் பெரிய கவலை இல்லை. ஓசூர் சாலைக்கு வந்தால் மெக்கானிக் கிடைப்பார், வேண்டிய பாகமும் கிடைக்கும். மின்கம்பி எட்டாத மலைக்கிராமத்தில் சோலாரில் ஓடும் தடுப்பூசி ஃபிரிட்ஜுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. போகிறவர் பையில் இருப்பதுதான் பட்டறை. பெங்களூரில் 1995இல் தொடங்கிய செல்கோ போன்ற நிறுவனங்கள் ஆரம்ப சுகாதார நிலையங்கள் வரை சோலாரைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டன. அங்கே போய்ப் பழுதுபார்க்கும் கைகள் இன்னும் நிறைய வேண்டும்.

இந்தத் தொழிலுக்கு வரும் தம்பிகளிடம் நான் ஓயாமல் சொல்வது ஒன்றுதான். குளிரவில்லை என்றதும் "கேஸ் போயிடுச்சு" என்று சொல்லிவிடாதீர்கள். பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீரும் சரக்கு அல்ல அது. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது, கசிந்தால்தான் குறையும். முதலில் மல்டிமீட்டரை எடுங்கள். பேட்டரியில் வைத்துப் பார்த்தால் போதாது. கம்ப்ரசர் பக்கத்து முனையில், அது கிளம்பும் நேரத்தில் பாருங்கள்.

பேட்டரிக்கும் ஃபிரிட்ஜுக்கும் 10 மீட்டர் தூரம், நடுவே 1 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயர் இழுத்திருக்கிறார்கள் என்று வையுங்கள். கம்ப்ரசர் 6 ஆம்பியர் இழுத்தால் அந்த வயரே 2 வோல்ட்டை விழுங்கிவிடும். பேட்டரியில் 12 காட்டும், ஃபிரிட்ஜுக்கு வருவது 10. பேட்டரி இறங்கிவிட்டது என்று எடுத்துக்கொண்டு கன்ட்ரோல் யூனிட் கம்ப்ரசரை நிறுத்திவிடும். டான்ஃபாஸ் பிடி வகை யூனிட்டில் ஒரு சின்ன எல்இடி மாட்டியிருந்தால் அதுவே சொல்லும்: ஒரு மினுக்கு என்றால் வோல்டேஜ் கோளாறு, மூன்று என்றால் மோட்டார் கிளம்பவில்லை, ஐந்து என்றால் யூனிட் சூடேறிவிட்டது. 4 ஸ்கொயர் வயராக மாற்றினால் இழப்பு அரை வோல்ட்தான். ஃபிரிட்ஜ் ஓடிவிடும்.

பேனல் மேல் தூசி, மரநிழல், கதவில் விரிந்துபோன காஸ்கட், இவையும் கேஸ் குறையாமலே குளிர்ச்சியைக் கெடுப்பவைதான்.

கேஸேதான் குறை என்று உறுதியானால் நிதானம் வேண்டும். புதிய பெட்டிகள் பலவற்றில் இருப்பது ஆர்600ஏ. தீப்பற்றக்கூடியது, அளவும் சில பத்து கிராம்தான். கையளவில் ஊகித்து ஏற்ற முடியாது, தராசு கட்டாயம். ஓடும்போது அதன் லோ சைடு அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைந்துவிடும். அப்போது அந்தப் பக்கம் சோப்பு நுரை தடவினால் குமிழி வராது, ஓட்டை வழியே காற்றுதான் உள்ளே போகும். கம்ப்ரசரை நிறுத்தி, அழுத்தம் சமமான பிறகு தடவுங்கள். வேக்கம் பம்ப் கையில் இல்லையென்றால் குழாயைத் திறக்கவே வேண்டாம். உள்ளே புகுந்த ஈரம் கேப்பிலரி முனையில் உறைந்து அடைக்கும், உருகியதும் திறக்கும். இப்படி ஒரு பெட்டி மாதக்கணக்கில் எல்லோரையும் அலைக்கழிக்கும்.

கேஸ் போட்டு முடித்தவர்கள் "நல்லா குளிரட்டும்" என்று தெர்மோஸ்டாட்டைத் திருகி வைப்பதும் உண்டு. தடுப்பூசிக்கு வேண்டியது 2 முதல் 8 டிகிரி. ஹெபடைடிஸ் பி ஊசிமருந்து உறைந்துவிட்டால் வீண், மறுபடி உருக்கியும் பயனில்லை. அதைத் தெரியாமல் குழந்தைக்குப் போட்டால் அந்தக் குழந்தைக்கு நோயிலிருந்து பாதுகாப்பு கிடைக்காமலே போகலாம்.

அதனால் அங்கே போனதும் செவிலியர் தினமும் காலை, மாலை வெப்பநிலை குறித்துவைக்கும் பதிவேட்டைக் கேட்டு வாங்குங்கள். மாலையில் சரியாக இருந்து காலையில் ஏறியிருந்தால் பேட்டரியைச் சந்தேகப்படுங்கள். மழைமூட்டமான வாரத்தில் மட்டும் ஏறினால் பேனல் போதவில்லை. இரண்டு வேளையும் நாளுக்கு நாள் மெல்ல ஏறிக்கொண்டே போனால், கேஸ் கசிவைத் தேடத் தொடங்கலாம்.