துபாஷி நிரல்

கணிப்பொறியை வலையோடு இணைக்கும் நெட்வொர்க் அட்டைக்கு நம்மைப்போல் பேசத் தெரியாது. அதனுள் பதிவகங்கள் என்னும் சிற்றறைகள் உண்டு. ஓர் அறையில் குறித்த எண்ணை இட்டால், 'இதனை அனுப்புக' என்பது பொருள். வேறோர் அறையில் ஓர் எண் தோன்றினால், 'செய்தி வந்துளது' என்பது பொருள். அவ்வளவே அதன் மொழி. இயக்கமுறைமைக்கும் அட்டைக்கும் நடுவே துபாஷியாக நிற்கும் நிரலைத்தான் டிரைவர் என்கிறோம்.

அதனை எழுதுவோர் அட்டையின் குணத்தை அறிந்திருத்தல் வேண்டும். ரியல்டெக் நிறுவனத்தின் 8139 என்னும் சில்லைப் பாருங்கள். விலை மலிவு, ஆதலால் உலகெங்கும் பரவிற்று. ஆயினும் செய்தி அனுப்ப அதில் நான்கே இடங்கள். அனுப்பப்படும் ஒவ்வொரு பொதியும் நினைவகத்தில் நான்கால் வகுபடும் முகவரியிலே தொடங்க வேண்டும். இல்லையேல் டிரைவர் அதனை வேறிடத்திற் படியெடுத்துத் தர வேண்டும். வரும் பொதிகளையோ, அச்சில்லு வட்டமாகச் சுற்றும் ஒரே தொட்டியில் ஒன்றன்பின் ஒன்றாகக் கொட்டிவிடுகிறது. தொட்டி நிரம்புமுன் ஒவ்வொன்றையும் படியெடுத்து அப்புறப்படுத்தும் வேலை டிரைவரின் தலையில் விழுகிறது. உயர்ந்த அட்டைகள், டிரைவர் காட்டிய இடத்திலே பொதியைத் தாமே கொண்டுபோய் வைத்துவிடும். சில்லில் மிச்சம் பிடித்த காசை மையச் செயலி உழைத்துத் தீர்க்கிறது! ஃபிரீபிஎஸ்டி இயக்கமுறைமைக்கு இதன் டிரைவரை எழுதிய பில் பால், நிரலின் முகப்பிலேயே இவ்வமைப்பை வன்மையாகக் கண்டித்துவிட்டுத்தான் மேலே செல்கிறார். அக்குறிப்பைப் படித்து நான் நகைத்ததுண்டு. அவர் சொன்னது நியாயமே.

எனினும் 8139-க்கு ஒரு பெருமை உண்டு. அதன் பதிவகங்களை விளக்கும் ஏடு எவர்க்கும் கிடைக்கிறது. ஏடில்லாத அட்டை எத்துணைச் சிறந்ததாயினும் ஊமையே. என்விடியா நிறுவனத்தின் என்ஃபோர்ஸ் சில்லுகளில் இருந்த நெட்வொர்க் பகுதி அத்தகையது. லினக்ஸுக்கென நிறுவனம் கொடுத்த டிரைவரின் உட்பகுதியை எவரும் படிக்க இயலாது. அப்போது இருவர் சில்லின் நடத்தையை ஆராய்ந்து, ஏட்டைத் தாமே வரைந்தனர். அவ்வேட்டைக் கொண்டு புதிதாக நிரல் எழுதியவர் மான்ஃபிரெட் ஸ்ப்ரால். ஆராய்ந்தவர் வேறு, எழுதியவர் வேறு என்று பிரித்து வைத்தது ஏன்? ஒரு வரியேனும் களவு என்று எவரும் வழக்காட இடமிருத்தல் கூடாது என்பதற்கே. இவ்வாறு 2003-இல் தோன்றியது ஃபோர்ஸ்ட்எத் டிரைவர். பின்னர் அந்நிறுவனத்தாரே அந்நிரலுக்குத் திருத்தங்கள் எழுதி அளித்தனர் என்பது சுவையான செய்தி.

உங்களிடம் 8139 அட்டை இல்லையே என்று தயங்க வேண்டா. கீமு என்னும் இலவச நிரல், கணிப்பொறிக்குள் மற்றொரு கணிப்பொறியைப் பாவனையாக அமைத்து, அதில் இவ்வட்டையையும் செருகித் தரும். எவ்வளவு தவறு செய்தாலும் உண்மை அட்டைக்கு ஊறில்லை. முதலிலே 0 முதல் 5 வரையுள்ள பதிவகங்களைப் படித்துத் திரையிற் காட்டுங்கள். அட்டையின் ஆறு பைட் முகவரி அங்கேதான் இருக்கிறது. அது சரியாகத் தோன்றிய பின்பு, அந்த நான்கு இடங்களின் பக்கம் திரும்பலாம்.