ஆச்சியின் கெண்டைக்கால்

இலஞ்சியில எங்க ஆச்சிக்கு இடுப்பெலும்பு ஆபரேஷன் முடிஞ்சு மூணு வாரம். பயந்துபோய் எழுந்திரிக்கவே மாட்டேங்கா. தினமும் குமாரர் கோயிலுக்கு நடந்த கெண்டைக்கால், இப்போ என் கைப்பிடிக்குள்ள அடங்குது.

எடையின்மையைத் தரையிலேயே ஆராய, எலியின் வாலைக் கட்டித் தூக்குவார்கள். முன்னங்கால் தரையில், பின்னங்கால் அந்தரத்தில். பாவம்தான். 1970களிலிருந்து இதுதான் வழி. இரண்டே வாரத்தில், உடம்பைத் தாங்கும் சோலியஸ் தசையில் மூன்றில் ஒரு பங்காவது கரைந்துவிடும். மிச்சத் தசையும் கொழுப்பை எரிக்கிறதைக் குறைச்சு, சர்க்கரையையே நம்ப ஆரம்பிக்கும்.

2025-ல் சுபான்ஷு சுக்லா விண்வெளி நிலையத்துக்குக் கொண்டுபோன சோதனைகள்ல தசை வளர்ச்சி பத்தினதும் ஒண்ணு, பெங்களூரு இன்ஸ்டெம்மோடது.

டாக்டர் சொன்னபடி, நாளைக்கு ஆச்சியைக் கைத்தாங்கலா நிக்க வைக்கணும். எலிக் கதையைச் சொன்னேன். "என் வாலை யாருல கட்டினா?"ன்னு கேக்கா.