பணம் நம்முடையது, பூட்டு யாருடையது?



மருத்துவ ஆய்வைப் பற்றிப் பேச வந்தவன் அரிசியிலிருந்து தொடங்குகிறேன். நம் பாட்டிமார் நெல்லை அவித்து, காயவைத்து, குத்திப் புடைத்த புழுங்கல் அரிசி.

நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் நம் மலாயா மண்ணைப் பெரிபெரி என்ற நோய் உலுக்கியது. கால் மரத்துப்போகும், உடம்பு வீங்கும், இதயம் தளரும், ஆள் போய்விடுவார். ஈயச் சுரங்கத்தில் சீனத் தொழிலாளர்கள் கொத்துக்கொத்தாக மாண்டார்கள். தமிழர்களிடம் இந்த நோய் அரிதாகவே இருந்தது. ஏன்? நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த பிராடன், சோற்றுத் தட்டைப் பார்த்தார். சீனர் தட்டில் தீட்டிய வெள்ளை அரிசி; நம்மவர் தட்டில் புழுங்கல்.

இதைச் சோதிக்க 1905-இல் கோலாலம்பூர் மனநோயாளர் விடுதியில் மருத்துவர் ஃபிளெச்சர் நோயாளிகளை வரிசையாக நிறுத்தி எண்ணச் சொன்னார். ஒற்றைப்படை எண்காரர்களுக்கு வெள்ளை அரிசி, இரட்டைப்படை எண்காரர்களுக்குப் புழுங்கல். ஓராண்டில் வெள்ளை அரிசி உண்டவர்களில் 18 பேர் பெரிபெரியால் இறந்தார்கள். புழுங்கல் உண்டவர்களில் ஒருவரும் இறக்கவில்லை. அந்த நோயாளிகளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை என்பதையும் நாம் மறக்கக்கூடாது.

பிறகு கோலாலம்பூர் மருத்துவ ஆய்வகத்தின் ஃபிரேசரும் ஸ்டான்டனும் டுரியான் திப்புஸ் காட்டில், சாலை போட வந்த ஜாவானியத் தொழிலாளர்களிடம் சோதித்து அதையே உறுதிசெய்தார்கள். ஆய்வகமே 1909-இல் முடிவை அச்சிட்டது. அடுத்த ஆண்டே மணிலாவில் கூடிய ஆசிய மருத்துவர் மாநாடு, பெரிபெரிக்கும் தீட்டிய அரிசிக்கும் தொடர்பு உண்டு என்று தீர்மானம் போட்டது. வைட்டமின் என்ற சொல்லே அப்போது பிறக்கவில்லை! நெல்லை உமியோடு அவிக்கும்போது சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது என்பதெல்லாம் பின்னால் தெரிந்த கதை.

அந்த ஆய்வகத்தை 1900-இல் கட்டியது அரசாங்கப் பணம். அந்தப் பணம் ஈயம் வெட்டியவன் வியர்வை. தடயம் தந்தது தமிழன் அடுப்படி. உயிரைக் கொடுத்தது பேர் தெரியாத நோயாளி. அப்படிப் பிறந்த அறிவு வெளியே வந்ததால்தான் ஊர் ஊராக உயிர்கள் பிழைத்தன.

அதே ஆய்வகத்தில் 1903-இல் பெரிபெரியை ஆராய்ந்த ஓர் இளைஞர் நம் பினாங்குப் பிள்ளை, டாக்டர் வூ லியென் தே. பிறகு நம் சூலியா தெருவில் கிளினிக் வைத்திருந்தவர். 1910-இல் மஞ்சூரியாவில் கொள்ளைநோய் வெடித்தபோது, பஞ்சும் துணியும் வைத்து முகக்கவசம் தைக்கச் சொன்னவர் அவர்தான். நோய் அடங்கியதும் அவர் ரகசியம் காக்கவில்லை. 1911 ஏப்ரலில் முக்டேன் நகரில் பதினொரு நாட்டு அறிஞர்கள் கூடிய மாநாட்டுக்குத் தலைமை ஏற்று, கண்டதையெல்லாம் பொதுவில் வைத்தார்.

அவர் படித்தது பினாங்கு ஃப்ரீ ஸ்கூல். 1816-இல் தொடங்கிய அந்தப் பள்ளியின் பெயரிலுள்ள 'ஃப்ரீ'க்குக் கட்டணம் கிடையாது என்று பொருளில்லை. எந்த இனத்தவனும் எந்த மதத்தவனும் நுழையலாம் என்று பொருள். நான் இன்று கேட்பதும் அந்தத் திறந்த வாசலைத்தான்.

ஏன் கேட்கிறேன்? என் தங்கை மகள் மருந்தியல் படிக்கிறாள். நம்மவர்களின் இனிப்புநீர் நோய் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரையைத் தேடிப் பிடித்தாள். முதல் பத்தி தெரிந்தது. அதற்குக் கீழே சுமார் நாற்பது அமெரிக்க டாலர் கேட்டது திரை. "மாமா, ஆய்வுக்கு மானியம் கொடுத்தது நம் அரசாங்கம்னு இதிலேயே போட்டிருக்கு" என்றாள். நான் என்ன பதில் சொல்வேன்? வரி கட்டியது நாம். விரலை நீட்டி ரத்தம் கொடுத்தது நாம். படிக்கவும் நாமே காசு கொடுக்க வேண்டுமாம்!

நல்லதையும் சொல்ல வேண்டும். மலேசியாவின் 2019 தேசிய சுகாதார ஆய்வு, பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் நோய் என்றது. இந்தியர்களிடம்தான் அதிகம் என்றது. அந்த அறிக்கையை யாரும் காசில்லாமல் படிக்கலாம். நம் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் மருத்துவ இதழும் திறந்தே கிடக்கிறது. ஆகவே நம்மால் முடியாத காரியம் இல்லை.

"இதழ் நடத்தச் செலவு ஆகாதா?" என்பார்கள். ஆகும். ஆனால் எழுதுகிறவருக்கும் சரிபார்க்கும் அறிஞருக்கும் பெரும்பாலான இதழ்கள் சம்பளம் கொடுப்பதில்லை. கட்டுரையைத் திறந்துவைக்க ஆய்வாளரிடமே ஆயிரக்கணக்கில் டாலர் கேட்கும் இதழ்களும் உண்டு. அதற்கும் வழி இருக்கிறது. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம், தன் பணத்தில் நடந்த ஆய்வின் ஏற்கப்பட்ட பிரதியைப் பொதுக் களஞ்சியத்தில் வைக்க வேண்டும் என்று 2008-இல் கட்டாயமாக்கியது. முதலில் ஓராண்டு வரை தாமதிக்கலாம் என்றது. 2025 ஜூலை 1 முதல் அந்தத் தவணையும் இல்லை. இந்தியா 6,000 கோடி ரூபாய் ஒதுக்கிக் கல்வி நிலையங்களுக்குச் சந்தா வாங்கியிருக்கிறது. மாணவனுக்கு நல்லது, ஆனால் வெளியே நிற்கும் நோயாளிக்குக் கதவு இன்னும் சாத்தியே இருக்கிறது.

நாம் கேட்பது இரண்டே இரண்டு. பொதுப் பணத்தில் நடக்கும் ஒவ்வொரு மருத்துவ ஆய்வும் வெளியான அன்றே களஞ்சியத்துக்கு வரட்டும். அதன் சாரம் ஒரு பக்க அளவில் மலாயிலும் சீனத்திலும் தமிழிலும் கிளினிக் சுவரில் ஒட்டப்படட்டும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். நாளைக்கு ஆய்வுக்கென்று யாராவது உங்கள் வீட்டு வாசலில் வந்து விரலைக் கேட்டால், தயங்காமல் கொடுங்கள். கையெழுத்துப் போடும் முன் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "ஐயா, இதன் முடிவை நான் எங்கே படிக்கலாம்?"