உழவர் இல்லத்தில் ஆவணப் பராமரிப்பு

(உழவர் பயிற்சி முகாம் ஒன்றில் ஆற்றிய உரை)



சம்பா நாற்றங்காலுக்கு எத்தனை கிலோ விதை வேண்டும், நட்ட எத்தனையாவது நாளில் மேலுரம் இட வேண்டும் என்று கேட்டால் தயங்காமல் விடை சொல்லக்கூடியவர்கள் நீங்கள். ஆனால், 'உங்கள் பட்டா எண் என்ன? பட்டா யார் பெயரில் இருக்கிறது? சங்கக் கடனுக்குத் தவணை நாள் என்றைக்கு?' என்று கேட்டால் நம்மில் பலர் மனைவியைத் திரும்பிப் பார்க்கிறோம். அவர் பரணைப் பார்க்கிறார். பரணில் ஒரு மஞ்சள் பை இருக்கிறது. அதற்குள் பத்திரமும் இருக்கும், பால் கணக்கும் இருக்கும், பத்து வருடத்துக்கு முந்தைய கல்யாணப் பத்திரிகையும் இருக்கும்.

பயிரைப் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் காகிதத்தைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றலாம். மழை பெய்தும் கெடுக்கிறது, பெய்யாமலும் கெடுக்கிறது. அந்த இழப்புக்குரிய தொகை கைக்கு வருவதும் வராமற் போவதும் காகிதத்தைப் பொறுத்தே அமைகிறது. எனவே காகிதத்தைப் பேணுவதையும் பயிர்த் தொழிலின் ஒரு பகுதியாகவே கொள்ள வேண்டியுள்ளது.

முன்காலத்தில் இந்தக் கவலை குறைவு. ஊரில் கர்ணம் இருந்தார். யாருடைய நிலம் எது, யாருக்கு யார் வாரிசு என்பது அவருக்கு மனப்பாடம். கிஸ்தி கட்டிய ரசீதைக் கம்பியில் குத்தி வைத்தால் போதும். 1980-ஆம் ஆண்டு பரம்பரைக் கிராம அலுவலர் முறை ஒழிக்கப்பட்டு, பின்னர் கிராம நிர்வாக அலுவலர்கள் நியமிக்கப்பட்டார்கள். அதன் பின் கணினி வந்தது. கணினிக்கு உங்கள் முகம் தெரியாது. பெயரும் எண்ணும் மட்டுமே தெரியும். ஓர் எழுத்து மாறினாலும் அதற்கு நீங்கள் வேறு ஆள்.

ஆதலால் முதலில் பெயரைக் கவனியுங்கள். பட்டாவில் 'முத்துசாமி', ஆதார் அட்டையில் 'முத்துச்சாமி', வங்கிப் புத்தகத்தில் தகப்பனார் பெயரின் முதல் எழுத்து இல்லாமல் வெறும் 'முத்து'. ஊரார் மூன்றையும் ஒருவராக அறிவார்கள்; உதவித் தொகை அனுப்பும் அலுவலகம் அறியாது. குடும்பத்தில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் ஒதுக்கி, ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், பட்டா ஆகியவற்றில் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறதோ அப்படியே, எழுத்துப் பிசகாமல், ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள். வேறுபாடு தானே கண்ணில் படும். வேலை குறைவான மாதத்தில் திருத்திக் கொள்ளலாம். பணம் வரவேண்டிய மாதத்தில் திருத்தப் போனால் அங்கு உங்களைப் போல் நூறு பேர் நிற்பார்கள்.

அடுத்து, இறந்தவர் பெயரில் உள்ள பட்டா. இதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் சிறு உழவர் வீடுகளில் மிகுந்த துன்பம் தருவது இதுதான். பாட்டனார் பெயரில் பட்டா. பாட்டனார் காலமாகிப் பல ஆண்டுகள் ஆயின. பிள்ளைகள் வாய்மொழியாகப் பாகம் பிரித்துக் கொண்டு அவரவர் வரப்புக்குள் பயிர் செய்கிறார்கள். உழுவதற்கு இடையூறு இல்லை. கடனுக்கும் காப்பீட்டுக்கும் போகும்போதுதான் இடையூறு. பெயர் மாற்றம் செய்யாமல் ஒரு தலைமுறை தள்ளிப் போனால், கையெழுத்திட வேண்டியவர்கள் மூன்று பேராக இருந்தது பதினைந்து பேராகிறது. அதில் ஒருவர் மலேசியாவில் இருப்பார், ஒருவரோடு பேச்சு வார்த்தை இருக்காது.

ஆகவே வீட்டில் ஓர் இறப்பு நேர்ந்தால், துக்கத்துக்கு இடையிலும் 21 நாட்களுக்குள் அதைப் பதிவு செய்துவிட வேண்டும். 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதற்குக் கட்டணம் இல்லை. 21 நாள் கடந்தால் தாமதக் கட்டணம். 30 நாள் கடந்தால் மேல் அலுவலரின் எழுத்து மூலமான அனுமதி. ஓராண்டு கடந்தால் நடுவரின் ஆணை என்று படி ஏறிக் கொண்டே போகும். பதினாறாம் நாள் காரியத்துக்கு உறவினர் அனைவரும் கூடுகிறார்கள் அல்லவா? இறப்பு பதிவாகிவிட்டதா என்பதை அன்றைக்கே ஒருவர் கேட்டுவிடுவது நல்லது. இறப்புச் சான்றிதழில் இறந்தவரின் பெயர் பட்டாவில் உள்ளபடியே இருக்கிறதா என்பதையும் அப்போதே பாருங்கள். அதன் பிறகு வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்றிதழ், அதன் பிறகு பட்டா மாற்றம் என்று வரிசையாக நடக்கும்.

வாரிசு என்றால் ஆண் மக்கள் மட்டும் என்ற எண்ணம் இன்னமும் பல ஊர்களில் இருக்கிறது. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்தவரின் மனைவி, மகன்கள், மகள்கள் ஆகியோரோடு, உயிருடன் இருந்தால் அவருடைய தாயாரும் வாரிசு. தாயாரை விட்டுவிட்டு விண்ணப்பம் எழுதித் திரும்பி வந்தவர்கள் உண்டு. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகள்களுக்குச் சம பங்கு தமிழ்நாட்டில் 1989-இலேயே வந்துவிட்டது. 2005-இல் நாடு முழுமைக்கும் வந்தது. சகோதரி தம் பங்கை மனமுவந்து விட்டுக் கொடுக்கிறார் என்றால் அதைப் பதிவு செய்த விடுதலைப் பத்திரமாக எழுதி வாங்குங்கள். 'தங்கச்சி ஒன்றும் கேட்காது' என்பது பத்திரம் ஆகாது. தங்கை கேட்காமல் இருக்கலாம்; தங்கையின் பிள்ளைகள் கேட்பார்கள், அவர்கள் கேட்பது நியாயமும் ஆகும்.

இனி நாளைப் பற்றிச் சொல்கிறேன். காகிதம் இருந்தும் நாள் தவறியதால் இழந்தவர்கள் மிகப் பலர். பயிர்க் காப்பீட்டை எடுத்துக் கொள்ளுங்கள். 2016 முதல் நடைமுறையில் உள்ள பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், உணவுப் பயிர்களுக்கும் எண்ணெய் வித்துகளுக்கும் காப்பீட்டுத் தொகையில் காரீப் பருவத்தில் 2 சதம், ராபி பருவத்தில் ஒன்றரைச் சதம் மட்டுமே உழவர் கட்ட வேண்டியது. ஆண்டு வணிகப் பயிர்களுக்கும் தோட்டக்கலைப் பயிர்களுக்கும் 5 சதம். 2020 முதல் கடன் பெற்றவர்களுக்கும் இது கட்டாயமில்லை என்றாகிவிட்டது. எனவே, 'கடன் வாங்கியிருக்கிறேன், அவர்களே பிடித்துக் கொண்டிருப்பார்கள்' என்று இருந்துவிடக் கூடாது. கேட்டு உறுதி செய்து கொள்ள வேண்டும். சம்பா நெல்லுக்குப் பல மாவட்டங்களில் நவம்பர் 15 கடைசி நாளாக அறிவிக்கப்பட்டு வந்துள்ளது. சில ஆண்டுகளில் நீட்டித்தார்கள் என்பது உண்மை. நீட்டிப்பை நம்பிப் பயிர் செய்ய முடியாது. அந்தந்த ஆண்டின் அறிவிப்பைக் கேட்டு நாளைக் குறித்துக் கொள்ளுங்கள்.

காப்பீட்டுக்கு அடங்கல் வேண்டும். அடங்கல் என்பது பசலி ஆண்டுப்படி எழுதப்படுவது. பசலி ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடியும். 2024 ஜூலையில் தொடங்கியது 1434-ஆம் பசலி. சென்ற பசலியின் அடங்கலை எடுத்துப் போனால் இந்தப் பயிருக்கு ஆகாது. விதைத்தவுடன் அல்லது நட்டவுடன் அடங்கல் வாங்கும் பழக்கத்தை ஏற்படுத்திக் கொள்ளுங்கள். கடைசி வாரத்தில் கிராம நிர்வாக அலுவலரின் வாசலில் கூட்டம் எப்படி இருக்கும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. பணம் கட்டிய ரசீதில் ஊர்ப் பெயர், புல எண், பயிரின் பெயர், பரப்பு ஆகிய நான்கும் சரியாக உள்ளனவா என்று அங்கேயே நின்று படியுங்கள். அதற்கு இரண்டு நிமிடம் போதும்.

ஆலங்கட்டி மழை போன்று ஓரிடத்தில் மட்டும் நேரும் சேதத்துக்கும், அறுத்து வயலில் உலரப் போட்ட கதிர் 14 நாட்களுக்குள் புயலாலோ பருவம் தவறிய மழையாலோ கெடுவதற்கும், உங்கள் மாவட்ட அறிவிக்கையில் அந்தப் பாதுகாப்பு சேர்க்கப்பட்டிருந்தால், 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். 72 மணி என்பது மூன்று நாள்தான். வடியாத வயலைப் பார்த்து மனம் உடைந்து உட்கார்ந்திருக்கும்போது அந்த மூன்று நாள் போய்விடும். 14447 என்ற எண்ணை வீட்டுச் சுவரில் எழுதி வைத்தாலும் தவறில்லை.

கூட்டுறவுச் சங்கப் பயிர்க் கடனை உரிய தேதிக்குள் கட்டினால் நம் மாநிலத்தில் வட்டி கிடையாது. ஒரு நாள் தவறினால் அந்தச் சலுகை போய்விடும். தவணை நாளுக்கு ஒரு மாதம் முன்னதாகவே அது உங்கள் கண்ணில் பட வேண்டும்; நெல்லை எப்போது விற்பது என்பதையும் அதைக் கொண்டே முடிவு செய்யலாம்.

இவற்றுக்கெல்லாம் பெரிய செலவு வேண்டியதில்லை. ஒரு தகரப் பெட்டியும், ஒரு நீள நோட்டும், மாதக் காலண்டர் ஒன்றும் போதும்.

பெட்டி கரையான் ஏறாத இடத்தில், தரையிலிருந்து உயரமாக, மழை ஒழுகாத மூலையில் இருக்க வேண்டும். வெள்ளம் வரும் ஊர்க்காரர்கள் காகிதங்களைத் தடித்த பிளாஸ்டிக் உறையில் இட்டு, பிறகு பெட்டியில் வைக்கவும். நிலத்துக்கு ஓர் உறை, கடனுக்கும் வங்கிக்கும் ஓர் உறை, ஆட்களின் சான்றிதழ்களுக்கு ஓர் உறை, நடப்புப் பருவத்தின் ரசீதுகளுக்கு ஓர் உறை. இதற்கு மேல் பிரித்தால் நீங்களே மறந்துவிடுவீர்கள். மூலப் பத்திரத்தை லேமினேஷன் செய்ய வேண்டாம். பழைய காகிதம் வெப்பத்தில் கெடும். பிறகு பிரிக்கவும் இயலாது. அலைச்சலுக்கு ஜெராக்ஸ் பிரதி எடுத்துப் போங்கள். மூலப் பத்திரத்தை அடமானமாக வைத்திருந்தால், எங்கு, எந்த நாளில் கொடுத்தோம் என்று எழுதிய ஒரு துண்டுத் தாள் அது இருந்த உறையிலேயே இருக்கட்டும். கடனை முழுவதும் அடைத்த 30 நாட்களுக்குள் வங்கி பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023-இல் ஆணையிட்டுள்ளது. பத்திரம் திரும்பி வந்ததோடு வேலை முடியவில்லை. அடமானம் பதிவாகியிருந்தால் அதன் ரத்தும் பதிவாக வேண்டும். வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்துக் கொள்ளுங்கள்.

விதைப் பையின் அட்டையையும் விற்பனைச் சீட்டையும் அறுவடை முடியும் வரை பருவ ரசீது உறையில் வையுங்கள். சான்று விதைக்கு நீல அட்டை. விதை முளைக்காமல் போனால் அந்தச் சீட்டுத்தான் உங்களுக்காகப் பேசும். விதை வாங்கும் உழவரும் நுகர்வோரே என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகத் தீர்ப்பளித்திருக்கிறது.

நோட்டில் ஆளுக்கு ஒரு பக்கம், நிலத்துக்கு ஒரு பக்கம், ஒவ்வொரு கடனுக்கும் ஒரு பக்கம். எண்கள், நாட்கள், கொடுத்த மனுவின் ஒப்புகை எண், பேசிய அலுவலரின் பதவி ஆகியவற்றை எழுதுங்கள். வங்கி அட்டையின் இரகசிய எண்ணை மட்டும் எழுதக் கூடாது. காலண்டரில் கடைசி நாளை எழுதாதீர்கள். அதற்குப் பத்து நாள் முந்தைய கட்டத்தில் எழுதுங்கள். கட்டம் சிறியது என்பதால் ஒரே சொல் போதும்: 'அடங்கல்', 'தவணை', 'வருமானச் சான்று'. பிள்ளைகளின் படிப்புக்கு வேண்டிய வருமானச் சான்று, சாதிச் சான்று ஆகியவற்றை ஏப்ரலிலேயே வாங்கிவிட்டால் ஜூன் மாதத்தில் நாற்றங்கால் வேலையை விட்டுவிட்டு அலைய வேண்டாம். பிள்ளைகளுக்கு 5 வயதிலும் 15 வயதிலும் ஆதாரில் கைரேகை புதுப்பிக்க வேண்டும். அதையும் குறித்து வையுங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமாக நான் கருதுவது ஒன்று உண்டு. பெட்டியைத் திறக்கத் தெரிந்தவர் வீட்டில் குறைந்தது இருவராவது இருக்க வேண்டும். பல வீடுகளில் எல்லாம் தலைவர் ஒருவருக்கே தெரியும். அவர் வயலில் பாம்பு கடித்து இறக்கிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். கசப்பான பேச்சுத்தான், ஆனாலும் நடக்கிறது. அவருடைய வங்கிக் கணக்கிலிருந்து ஆண்டுக்கு 20 ரூபாய் விபத்துக் காப்பீட்டுக்கும் 436 ரூபாய் ஆயுள் காப்பீட்டுக்கும் பிடிக்கப்பட்டு வந்திருக்கலாம். இவை ஒவ்வொன்றும் 2 லட்ச ரூபாய்க்கான காப்பீடு. ஜூன் 1 முதல் மே 31 வரை ஓராண்டு. பாம்புக்கடி என்பதற்கு மருத்துவமனைப் பதிவு வேண்டும். இதெல்லாம் மனைவிக்குத் தெரியாவிட்டால் அவர் கேட்கவே போவதில்லை. கேட்காத வீட்டைத் தேடி அந்தப் பணம் வராது. எனவே பாஸ் புத்தகத்தை மாதம் ஒருமுறை பதியச் செய்து, கழிந்த தொகை எதற்காகக் கழிந்தது என்று வீட்டில் இருவரும் உட்கார்ந்து படியுங்கள். விளக்கு வைத்த பிறகு அரை மணி நேரம் போதும். படித்த பிள்ளை இருந்தால் எழுதட்டும். ஆனால் பிள்ளை மட்டுமே அறிந்ததாக இருக்க வேண்டாம், அது படிக்கவோ வேலைக்கோ வெளியூர் போய்விடும்.

தொலைபேசி எண்ணும் அப்படியே. ஆதாரோடு இணைத்த எண் திருப்பூரில் வேலை செய்யும் மகனுடையது. இங்கு விரல் வைத்து நிற்பவர் தகப்பனார், ஓ.டி.பி. போவது பனியன் கம்பெனிக்கு. மகன் எந்திரத்தை விட்டு நகர முடியாது. வீட்டிலேயே இருக்கும் ஒருவரின் எண்ணை இணைத்துக் கொள்ளுங்கள். அந்த எண்ணை மாற்றவும் வேண்டாம், காலாவதியாக விடவும் வேண்டாம்.

தாய்மார்களுக்குத் தனியாக ஒரு சொல். குதிரில் எத்தனை மரக்கால் இருக்கிறது என்ற கணக்கை வைத்திருப்பவர் நீங்கள். இந்தக் கணக்கு அதைவிடக் கடினமானது அல்ல. 'அது ஆம்பிளைகள் சமாச்சாரம்' என்று ஒதுங்காமல், பெட்டியின் இரண்டாவது சாவியைக் கேட்டு வாங்கிக் கொள்ளுங்கள்.

ஆண்டுதோறும் கோடையில், பெரும்பாலும் மே, ஜூன் மாதங்களில், வட்டாட்சியர் அலுவலகத்தில் ஜமாபந்தி நடக்கும். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு நாள் ஒதுக்குவார்கள். பாட்டனார் பெயரில் பட்டா உள்ளவர்கள் அதற்கு முன்பாக இறப்புச் சான்றையும் வாரிசுச் சான்றையும் வாங்கி வைத்துக் கொண்டு, அன்றைக்கு மனுவுடன் செல்லலாம். மனுவுக்கு ஒப்புகைச் சீட்டுக் கொடுப்பார்கள். அதைச் சட்டைப் பையில் வைத்தால் அடுத்த சலவையில் போய்விடும். வீட்டுக்கு வந்தவுடன் அதன் எண்ணை நோட்டில் எழுதிவிட்டு, சீட்டை நில உறையில் வையுங்கள்.