பத்தியமும் சுன்னத்தே!

 



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜும்ஆவில், தேனின் சிறப்பைப் பற்றி அரைமணி நேரம் பேசினேன். தேனில் மனிதர்களுக்கு நிவாரணம் உண்டு என்று அல்லாஹ் கூறுவதையும் (16:69), கருஞ்சீரகத்தைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் கூறியதையும் விரிவாக எடுத்துரைத்தேன். தொழுகை முடிந்ததும் பலர் முஸாஃபஹா செய்து பாராட்டினார்கள். நானும் மகிழ்ந்தேன்.

ஓராண்டு கழிந்தது. எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் மருத்துவமனையில் இருப்பதாகக் கேள்விப்பட்டு நலம் விசாரிக்கச் சென்றேன். நெடுங்காலமாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை உட்கொண்டு வந்தவர் அவர். காலில் ஏற்பட்ட சிறு புண் ஆறாமல் அழுகி, இரண்டு விரல்களை அகற்றியிருந்தார்கள். அவருடைய மனைவி எந்தக் கோபமும் இல்லாமல் என்னிடம் சொன்னார்: "ஹஸ்ரத், நீங்க அன்னைக்கு பயான் பண்ணினதுல இருந்து மாத்திரைய நிறுத்திட்டு, தேனும் கருஞ்சீரகமும்தான் சாப்பிட்டு வந்தாங்க."

மாத்திரையை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால், நிறுத்தாதீர்கள் என்றும் சொல்லவில்லையே! அன்று என் பேச்சில் விடுபட்டுப்போன அந்த வார்த்தையைச் சொல்வதற்காகவே இன்று உங்கள் முன் நிற்கிறேன். அல்லாஹ் என்னை மன்னிப்பானாக!

சகோதரர்களே! பூமியிலுள்ளவற்றில் ஹலாலானதையும் தய்யிபானதையும் உண்ணுமாறு அல்லாஹ் மனிதகுலத்துக்குக் கட்டளையிடுகிறான் (2:168). இந்த இரண்டு நிபந்தனைகளில் முதலாவதை நாம் நன்றாகவே பேணுகிறோம். இறைச்சிக் கடைக்குச் சென்றால், அறுத்தவர் யார், பிஸ்மி சொன்னாரா என்று விசாரிக்கிறோம். இரண்டாவதையோ மறந்துவிடுகிறோம். தய்யிப் என்பதற்கு, உடலுக்கும் அறிவுக்கும் தீங்கு செய்யாதது என்று இமாம் இப்னு கஸீர் (ரஹ்) அவர்கள் இந்த வசனத்தின் விரிவுரையில் பொருள் தருகிறார்கள். அப்படியானால், ஹலாலான ஓர் உணவு ஒருவருக்குத் தய்யிபாகவும், மற்றொருவருக்கு அவ்வாறு இல்லாமலும் இருக்க முடியுமா?

முடியும். இதற்கு நபி (ஸல்) அவர்களுடைய வாழ்விலேயே சான்று இருக்கிறது. உம்முல் முன்திர் (ரலி) என்னும் அன்ஸாரிப் பெண்மணியின் இல்லத்திற்கு நபி (ஸல்) அவர்கள் சென்றபோது அலீ (ரலி) அவர்களும் உடன் இருந்தார்கள். அப்போதுதான் நோயிலிருந்து தேறி வந்துகொண்டிருந்தார்கள் அலீ (ரலி). வீட்டில் பேரீத்தங் குலைகள் தொங்கவிடப்பட்டிருந்தன. நபியவர்கள் எழுந்து அவற்றிலிருந்து உண்டார்கள். அலீ (ரலி) அவர்களும் உண்ண எழுந்தபோது, நோயிலிருந்து இப்போதுதான் தேறி வருகிறீர் என்று கூறி நபியவர்கள் தடுத்துவிட்டார்கள். பிறகு அந்தப் பெண்மணி வாற்கோதுமையையும் கீரையையும் சேர்த்துச் சமைத்துக் கொண்டுவந்தபோது, இதை உண்பீராக, உமக்கு இதுவே பொருத்தமானது என்று கூறினார்கள். (அபூதாவூத், திர்மிதீ)

சிந்தித்துப் பாருங்கள்! பேரீத்தம் பழம் நபியவர்கள் விரும்பி உண்ட கனி. அன்றும் அவர்கள் அதை உண்டார்கள். அதே நேரத்தில், அதே குலையிலிருந்து உண்ண வேண்டாம் என்று தம் அன்பு மருமகனைத் தடுத்தார்கள். இமாம் இப்னுல் கய்யிம் (ரஹ்) அவர்கள் நபிவழி மருத்துவத்தைப் பற்றி எழுதும்போது, பத்தியம் என்னும் தலைப்பின் கீழ் இந்த நிகழ்ச்சியை விளக்குகிறார்கள். ஆகவே பேரீத்தம் பழத்தை உண்பது சுன்னத் என்றால், நோயாளி தமக்கு ஒவ்வாததைத் தவிர்ப்பதும் சுன்னத்தே!

2023ஆம் ஆண்டு வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகவும், மேலும் 13 கோடிக்கும் அதிகமானோர் அதன் வாசலில் நிற்பதாகவும் கூறுகிறது. இந்த நோய் எட்டிப் பார்க்காத வீடு நம் மஹல்லாக்களில் அரிது. எனவே, உணவைப் பற்றி மக்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள் சிலவற்றிற்கு, மருத்துவர்களிடம் கேட்டறிந்து பதில் சொல்ல விரும்புகிறேன்.

முதல் கேள்வி: "சீனியை விட்டுவிட்டேன். தேன், நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி சேர்க்கலாமல்லவா?"

இவற்றின் சுவையும் மணமும் வேறு. உடலுக்குள் சென்றால் இவையும் பெரும்பாலும் சர்க்கரையே. ஒரு மேசைக்கரண்டித் தேனில் சுமார் 17 கிராம் சர்க்கரை இருக்கிறது. தேன், சீனி போன்றவற்றிலிருந்து கிடைக்கும் சர்க்கரை நாளொன்றுக்கு 50 கிராமைத் தாண்டக் கூடாது, 25 கிராமுக்குள் இருப்பது இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் அறிவுறுத்தியது. இது நலமாக இருப்பவர்களுக்குச் சொன்ன அளவு. நோயாளிக்குரிய அளவை அவருடைய மருத்துவரே கூற வேண்டும். தாய்மார்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேனை நாவில் தொட்டு வைப்பதுகூட ஆபத்து. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி அந்தப் பிஞ்சுக் குடலில் பெருகி, உயிருக்கே கேடு விளைவிக்கலாம்.

இரண்டாவது கேள்வி: "சர்க்கரை நோயாளி பேரீத்தம் பழத்தால் நோன்பு திறக்கலாமா?"

சிறிய பழம் ஒன்றில் சுமார் 5 கிராம் சர்க்கரை இருக்கும். மெஜூல் என்னும் பெரிய வகையில் அது 15 கிராமைத் தாண்டும். நோய் கட்டுப்பாட்டில் உள்ளவர் சிறிய பழம் ஒன்றால் நோன்பு திறப்பதை மருத்துவர்கள் பொதுவாகத் தடுப்பதில்லை. அதுவும் இயலாதவருக்கு மார்க்கத்தில் நெருக்கடி இல்லை. பழம் கிடைக்காதபோது சில மிடறு தண்ணீரால் நபி (ஸல்) அவர்கள் நோன்பு திறந்திருக்கிறார்கள். ரமளானில் பெரிதும் கேடு செய்வது ஒரு பேரீத்தம் பழமன்று. அதைத் தொடர்ந்து வரும் சமோசா, வடை, பஜ்ஜி, ரோஸ் சர்பத் ஆகியவையே! பச்சைப்பருப்பும் வெந்தயமும் சேர்ந்த நம் நோன்புக் கஞ்சி நல்ல உணவு. அதை அளவோடு அருந்தினால் போதாதா? நோயாளிகள் ரமளானுக்கு ஓரிரு மாதங்களுக்கு முன்பே மருத்துவரைச் சந்தித்து, நோன்பு நோற்கலாமா, மாத்திரை வேளையை எப்படி மாற்றுவது என்று கேட்டுக்கொள்ளட்டும். நோயாளிக்கு அல்லாஹ் தந்துள்ள சலுகையை (2:185) ஏற்பது ஈமானின் குறைவன்று.

மூன்றாவது கேள்வி: "எந்த எண்ணெய் நல்லது?"

எந்த எண்ணெயாக இருந்தாலும், ஒரு கிராமில் 9 கலோரி இருக்கிறது. எனவே, எந்த எண்ணெய் என்று கேட்பதோடு, மாதத்திற்கு எத்தனை லிட்டர் என்றும் கேளுங்கள். ஒருமுறை பொரித்த எண்ணெயை மீண்டும் மீண்டும் காய்ச்சாதீர்கள். தட்டைப் பொறுத்தவரை, ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டி எளிதானது: பாதித் தட்டு காய்கறி, கீரை, பழம், மீதிப் பாதியில்தான் சோறும் பருப்பும் இறைச்சியும் மற்றவையும். நம் விருந்துகளிலோ சோறே தட்டை நிறைத்துவிடுகிறது. காய்கறி என்றால் தாளிச்சாவில் மிதக்கும் இரண்டு கத்தரிக்காய்த் துண்டுகள்!

நான்காவது கேள்வி: "கருஞ்சீரகம் எல்லா நோய்க்கும் மருந்தாயிற்றே, மாத்திரை எதற்கு?"

இந்த ஹதீஸின் சொல் பொதுவாக இருந்தாலும், குறிப்பிட்ட சில நோய்களையே அது கருதுகிறது என்று இமாம் கத்தாபீ (ரஹ்) போன்ற அறிஞர்கள் விளக்கியுள்ளனர். மேலும், மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்று ஏவியவர்களும் அதே நபி (ஸல்) அவர்கள்தாமே! கருஞ்சீரகத்தை உணவில் சேருங்கள். ஆனால் மருத்துவரைக் கேட்காமல் ஒரு மாத்திரையைக்கூட நிறுத்தாதீர்கள். அன்று நான் சொல்லத் தவறியது இதைத்தான்.

பெரியோர்களே! விருந்தளிப்பவருக்கும் இதில் பொறுப்பு உண்டு. "இன்னும் ஒரு கரண்டி, எனக்காக" என்று நாம் அன்பால் வற்புறுத்துகிறோம். வேண்டாம் என்பவரைக் கஞ்சன் என்றும் நோயாளி என்றும் கேலி செய்கிறோம். வலீமாவில் ஒரு சஹனைச் சுற்றி அமர்ந்திருக்கும் நால்வரில் ஒருவர் தம் கையைக் கழுவிவிட்டால், அவரை விட்டுவிடுங்கள். வயிற்றில் ஒரு பங்கு உணவுக்கும், ஒரு பங்கு தண்ணீருக்கும், ஒரு பங்கு மூச்சுக்கும் என்று கற்றுத்தந்தார்கள் நபி (ஸல்) அவர்கள் (திர்மிதீ). அந்த மூன்றாவது பங்கையும் பிரியாணியால் நிரப்புவது உபசாரம் ஆகாது. இனிப்பு சாப்பிடாதவர்களுக்கென்று வெள்ளரியும் கொய்யாவும் நறுக்கி வைத்தால், அது அவர்களுக்கும் செய்த கண்ணியமாகும்.

வீட்டில் ஒருவருக்கு நோய் என்றால், அவருக்கு மட்டும் தனிச்சமையல் செய்து ஒதுக்கி வைக்காதீர்கள். குடும்பம் முழுவதும் அதே உணவுக்கு மாறட்டும். உம்முல் முன்திர் (ரலி) அவர்கள் கீரையும் வாற்கோதுமையும் சமைத்தது ஒரு நோயாளியின் மனம் நோகாமல் உதவியதன் அடையாளம். பத்தியத்தின் பாதி நோயாளியின் கையில்; மறுபாதி சமையலறையில்!

அந்தப் பெரியவர் இப்போது நாற்காலியில் அமர்ந்து தொழுகிறார். ஒவ்வொரு ஜும்ஆவிலும் முன்வரிசைக்கு வந்துவிடுகிறார். அவரைக் காணும்போதெல்லாம் என் நாவைப் பற்றிய அச்சம் எனக்கு வருகிறது. நம் உடலுக்கும் நம் மீது உரிமை உண்டு என்றார்கள் நபி (ஸல்) அவர்கள். அந்த அமானிதத்தைப் பற்றி நாளை மறுமையில் நாம் விசாரிக்கப்படுவோம்.

யா அல்லாஹ்! எங்கள் உணவை ஹலாலானதாகவும் தய்யிபானதாகவும் ஆக்குவாயாக! எங்கள் நோயாளிகளுக்குப் பூரண சுகத்தையும், அவர்களைப் பராமரிப்பவர்களுக்குப் பொறுமையையும் தருவாயாக! அறியாமல் பேசிய எங்கள் பிழைகளைப் பொறுத்தருள்வாயாக! ஆமீன்.