குடம்புளியும் கொழுப்புச் செல்லும்

கன்னியாகுமரிப் பக்கமும் கேரளத்திலும் மீன் குழம்புக்குக் குடம்புளி போடுவார்கள். புகையில் காய்ந்து கன்னங்கரேலென்று சுருண்டு கிடக்கும். இரண்டு மூன்று துண்டு போதும். அதே புளிதான் இன்று 'கார்சினியா' என்ற பெயரில், உடம்பு இளைக்க மாத்திரையாக விற்கப்படுகிறது.

அதன் புளிப்புக்கு முக்கியக் காரணம் ஹைட்ராக்சிசிட்ரிக் அமிலம். 1965இல் மைசூரு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த லூயிஸும் நீலகண்டனும் அதை அடையாளம் காட்டினார்கள். நம் உடம்பு மாவுச்சத்தைக் கொழுப்பாக மாற்றும்போது ஒரு நொதி தேவைப்படுகிறது. அந்த நொதியை இந்த அமிலம் தடுப்பதாக 1969இல் அமெரிக்காவில் கண்டார்கள். இதைச் சாப்பிட்டால் உடம்பு இளைக்கும் என்ற ஆசை பிறந்தது அங்கேதான்.

இப்படிக் கொழுப்பைக் குறைக்குமா என்று தாவரச் சாறுகளைச் சோதிக்க, ஆய்வகங்களில் சுண்டெலிக் கருவிலிருந்து வந்த ஒருவகைச் செல்லைத் தட்டில் வளர்க்கிறார்கள். இன்சுலினோடு வேறு சில மருந்துகளும் சேர்த்துக் கொடுத்தால், நீண்டு மெலிந்திருந்த செல் பத்து நாளுக்குள் உருண்டு, உள்ளே எண்ணெய்த் துளிகள் திரளும். சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் துளிகள் குங்குமமாய்ச் சிவந்து தெரியும். சாறு விட்ட தட்டில் சிவப்பு குறைந்தால் நல்ல அறிகுறி. ஆனால் சாறு செல்லையே கொன்றிருந்தாலும் சிவப்பு குறையும். அதையும் சோதித்தாக வேண்டும். மஞ்சளின் குர்குமின், பச்சைத் தேயிலையின் கேட்டெசின் எல்லாம் இந்தத் தட்டில் தேறியவைதான்.

ஆனால் தட்டில் தேறியது உடம்பிலும் தேறும் என்றில்லை. தட்டில் சாறு நேரே செல்லின் மேல் விழுகிறது. நாம் விழுங்கினால் குடலையும் கல்லீரலையும் கடந்தாக வேண்டும். குர்குமின் ரத்தத்தில் சேர்வது சொற்பத்திலும் சொற்பம்.

குடம்புளியை மனிதரிடமே சோதித்தார்கள். 1998இல் வெளியான அந்த ஆய்வில் 135 பேர். 12 வாரம் ஒரு பகுதியினருக்குத் தினமும் 1500 மில்லிகிராம் அமிலம். மற்றவர்களுக்கு மருந்தில்லாத மாத்திரை. எல்லோருக்கும் உணவுக் கட்டுப்பாடு உண்டு. இரு பகுதியினருக்கும் எடை குறைந்தது. குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. எனக்கு இந்த ஒரு முடிவு பல விளம்பரங்களைவிடப் பெரிது.

இன்னொன்றை அழுத்திச் சொல்லவேண்டும். கார்சினியா மாத்திரை எடுத்தவர்களில் சிலருக்குக் கல்லீரல் கெட்டிருக்கிறது. மாற்று அறுவை சிகிச்சை வரை போனவர்களும் உண்டு. குழம்புப் புளியைப் பற்றி அஞ்ச வேண்டாம். மாத்திரை சாப்பிடுகிறவருக்குக் கண் மஞ்சளித்தாலோ, சிறுநீர் அடர்ந்த நிறத்தில் போனாலோ, அன்றைக்கே நிறுத்திவிட்டு, மாத்திரை டப்பாவோடு மருத்துவரிடம் போகட்டும்.